ஆச்சியின் பாம்படத்தை உருக்கச் சொல்கிறார்கள்

சுரண்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி போன தை மாதம் தவறிவிட்டார்கள். 91 வயது. ஆச்சியின் நகை என்று மிச்சம் இருந்தது இரண்டுதான். ஒரு ஜோடி பாம்படம் (துளையை இழுத்து வளர்த்த காதில் தொங்கவிடும் நகை), ஒரு சிவப்புக்கல் அட்டிகை. மற்றதெல்லாம் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்ததிலும் கிணறு வெட்டியதிலும் போய்விட்டது.

பெரியம்மா, அம்மா, சித்தி மூவரும் கூடிப் பேசி, உருக்கி மூன்றாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். நானும் கூடப் போனேன். டவுனில் ஒரு கடை. பாம்படத்தைத் தராசில் வைத்தால் 52 கிராம் காட்டியது. கடைக்காரர் கையில் வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே பூராவும் அரக்கு. பாதிக்குப் பாதி போயிடும். மாற்றும் குறைவு" என்றார். மாற்று என்றால் தங்கத்தின் தரம். அட்டிகையை நிறுக்கவே இல்லை. கல்லையெல்லாம் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று தள்ளி வைத்துவிட்டார். பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "எங்க அம்மையை ஏமாத்திட்டானா அந்த ஆசாரி" என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை கேட்டார்கள். நகையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

அன்றிலிருந்து பாம்படம் என் பீரோவில்தான் இருக்கிறது. ராத்திரி எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஒரு சதுரம், அதன் மேல் ஒரு உருண்டை, பக்கத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு வளைவு. சதுரத்தின் மூலையில் கடுகைவிடச் சின்னதாக மூன்று குண்டு, அதன் தலையில் ஒரு குண்டு. எங்கே ஒட்டினார்கள் என்றே தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. இடது பாம்படத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பில் உட்கார்ந்துகொண்டு கடித்தது என்று ஆச்சி சொல்வார்கள்.

இதை உருக்கக் கையெழுத்துப் போட எனக்கு மனசே வரவில்லை. ஆனால் பங்கு மூன்று பேருக்கும் உண்டு. ஆசாரி ஏமாற்றினார் என்பது உண்மையா? இந்தப் பள்ளத்தை எடுக்க முடியுமா? உருக்காமல் மூன்றாகப் பிரிக்க என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைவீட்டுப் பிள்ளை எழுதியது:

தங்கச்சி, என் அப்பாவும் தாத்தாவும் டவுனில் பட்டறை வைத்திருந்தவர்கள். நான் இப்போது கல் கட்டும் வேலை மட்டும் பார்க்கிறேன். பாம்படம் புதிதாகச் செய்யச் சொல்லி என்னிடம் யாரும் வந்ததில்லை. பழுது பார்க்க வந்திருக்கிறார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெரியம்மாவிடம் சொல்லுங்கள். அரக்கு இருப்பது ஏமாற்று இல்லை. பாம்படம் என்றாலே அப்படித்தான் செய்வார்கள். அந்த அளவுக்குக் கெட்டித் தங்கத்தில் செய்தால் எந்தக் காதும் தாங்காது. தங்கத்தைத் தாள் மாதிரி தகடாகத் தட்டி, சதுரம் தனி, உருண்டை தனி, முடிச்சு தனி என்று கூடாகச் செய்து பற்றவைப்பார்கள். வெறும் கூட்டை விரலால் அழுத்தினாலே நசுங்கிவிடும். அதனால்தான் உள்ளே அரக்கு நிரப்புவது. செய்யச் சொன்ன உங்கள் ஆச்சிக்கும் அது தெரிந்துதான் இருக்கும். அந்தக் காலத்தில் தங்கத்தைக் கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை பட்டறைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

பாதிக்குப் பாதி என்பது ஒரு ஊகம். உள்ளே எவ்வளவு அரக்கு என்று கையில் குலுக்கிப் பார்த்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. உருக்கினால் சரியாகத் தெரியும். உருக்கினால் நகை திரும்ப வராது. கடைக்காரர் தனக்கு நஷ்டம் வராத கணக்கைச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காரட் பார்க்கிற மெஷினில் வைத்தாலும் அது மேல்பரப்பைத்தான் படிக்கும். தகட்டின் தரம் தெரியும், அரக்கின் எடை தெரியாது.

இனி மாற்று விஷயம். "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்று பழமொழியே சொல்லிவைத்திருக்கிறார்கள், பெற்ற தாயின் பொன்னிலும் துளி எடுத்துவிடுவானாம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். திருடியவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழைய நகையை உருக்கினால் மாற்று குறைவதற்கு வேறு காரணம் இருக்கிறது. இரண்டு தங்கத் துண்டுகளை ஒட்ட வைக்கும் பொடி, அந்தத் தங்கத்துக்கு முன்னால் உருக வேண்டும். அதற்காகத் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்த்துத்தான் பொடி செய்வார்கள். நகையில் எத்தனை ஒட்டு இருக்கிறதோ அவ்வளவு பொடி. வேலைப்பாடு கூடக்கூட மாற்று இறங்கும். 22 காரட் தகட்டில் செய்த நகையும் உருக்கினால் அதற்குக் கீழேதான் நிற்கும். பிற்பாடு கேடிஎம் என்று காட்மியம் கலந்த பொடி வந்தது. அதில் மாற்று இறங்கவில்லை. ஆனால் அந்தப் புகை வேலை செய்கிறவன் நெஞ்சைக் கெடுத்தது. அதனால் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள்.

நீங்கள் கேட்ட அந்தக் குண்டு. அதை என் தாத்தா செய்து பார்த்திருக்கிறேன். மெல்லிய கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, கரித்தூளுக்குள் போட்டுச் சூடு காட்டுவார். ஒவ்வொரு துண்டும் தானாகச் சுருண்டு உருண்டையாகிவிடும். கரி ஆறியதும் அலசி எடுத்தால் கையில் கடுகு அள்ளின மாதிரி இருக்கும். குன்றிமணியை ஊறவைத்து, சிவப்புத் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பைக் கல்லில் இழைத்தால் பசை வரும். சாமணத்தால் ஒவ்வொரு குண்டாக எடுத்து, பசையில் தொட்டு, இடத்தில் வைப்பார். வெங்கார உப்பும் முன்னே சொன்ன ஒட்டுப் பொடியும் தூவி, ஊதுகுழலை வாயில் வைத்து விளக்குச் சுடரைச் சாய்த்து ஊதுவார். பொடி இளகி ஓடும் நேரம் ஒரு மினுக்கு தெரியும். அந்த மினுக்கில் மூச்சை நிறுத்த வேண்டும். ஒரு மூச்சு கூடினால் குண்டும் சேர்ந்து இளகி வழிந்துவிடும், முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். தாத்தா ஊதும்போது நாங்கள் திண்ணைப் பக்கம் போகக்கூடாது. சிரித்துவிடுவோம் என்று பாட்டி விரட்டிவிடுவாள்.

நீங்கள் லென்ஸ் வைத்தும் ஒட்டு தெரியவில்லை என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆசாரி யாரோ, அவர் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது.

இந்தக் கைவேலை நின்றுபோனதற்கு மெஷின் மட்டும் காரணம் இல்லை. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். 14 காரட் தங்கம் தாத்தாவின் சுத்தியலுக்கு வளையவில்லை, வாடிக்கையாளருக்கும் பிடிக்கவில்லை. நிறையப் பேர் பட்டறையை மூடிவிட்டு வேறு பிழைப்புக்குப் போனார்கள். அந்த 14 காரட் விதியைச் சில வருடத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் 1968-இல் தனிச் சட்டமே போட்டு, 1990-இல்தான் அதை நீக்கினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை கை விட்டுப்போயிற்று.

பள்ளத்தைத் தொட வேண்டாம். அதை எடுக்க வேண்டுமென்றால் ஒட்டைத் திறந்து, அரக்கை வடித்து, உள்ளிருந்து நெம்ப வேண்டும். இத்தனை வருடத் தகடு கிழிந்தாலும் கிழிந்துவிடும். சுடுதண்ணீரில் போடாதீர்கள், அரக்கு இளகும். பூந்திக்கொட்டை ஊறிய ஆறிய தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷைத் தொட்டு, உதறிவிட்டுத் தேய்த்தால் போதும். அட்டிகைக்கு அதுவும் கூடாது. பழைய சிவப்புக்கல்லுக்குப் பின்னால் மினுக்கத் தகடு வைத்து மூடிக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் குருடாகிவிடும். உலர்ந்த துணிதான்.

அம்பைக்காரி எழுதியது:

அண்ணாச்சி கடைசியில் எழுதியிருப்பதை நான் அனுபவத்தில் கண்டவள். எங்கள் மாமியாரின் கெம்பு அட்டிகையை 2004-இல் மாற்றினோம். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆளுக்கொரு செயின் வந்தது. கல்லுக்கு விலை இல்லை என்று கடையில் ஒரு தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் அட்டிகையில் மாதுளை முத்து மாதிரி இருந்த கல்லா இது என்று இருந்தது. உயிரே இல்லை. பின்னால் இருந்த தகடு போனதால் அப்படி என்று இன்றைக்குத்தான் புரிகிறது. ஒரு தைல டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், மொத்தம் 84 கல்.

அந்தச் செயின் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை வேறு மாடலுக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் செய்கூலி, சேதாரம். இப்போது கழுத்தில் கிடப்பதில் மாமியாருடையது எத்தனை குன்றிமணி எடை என்று யாருக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள் அக்கா.

வள்ளியூர் அண்ணாச்சி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். என் அம்மா தண்டட்டி போட்டிருந்தாள், அதுவும் பாம்படம் மாதிரி வளர்த்த காதில் தொங்குவதுதான். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் மழை இல்லை. தண்டட்டியைக் கழற்றி விற்றுத்தான் பீஸ் கட்டினாள். வெறும் காது தோளில் தொங்குகிறது என்று பிறகு அறுத்துத் தைத்துக்கொண்டாள். அந்தத் தண்டட்டி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நாங்கள் நினைத்ததில்லை. ஆபத்துக்கு உதவத்தானே சேர்த்தாள். மூன்று சகோதரிகளில் ஒருவருக்கு இப்போது பணமுடை இருந்தால், அதை முதலில் பாருங்கள். வேலைப்பாடு அதற்குப் பிறகு.

முடை இல்லை என்றால் வழி சுலபம். இரண்டு மூன்று இடத்தில் உருக்கு விலை கேளுங்கள். நடுவாக ஒரு விலையை மூவரும் ஒத்துக்கொள்ளட்டும். நகையை எடுத்துக்கொள்பவர் மற்ற இருவருக்கும் அவர்கள் பங்கைப் பணமாகக் கொடுக்கட்டும். யார் எதை எடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் காலத்தில் பேச்சு வராது. போட்டோவும் எடுத்து வையுங்கள். ஹால்மார்க் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2021-இல் வந்த கட்டாயம் கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். வீட்டில் இருக்கும் பழைய நகையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்.

சுரண்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வள்ளியூர் அண்ணாச்சி, நீங்கள் சொன்னது சரி. சித்திக்குத்தான் முடை. வீட்டுக்கு மாடி எடுத்துப் பாதியில் நிற்கிறது. வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

நேற்று மூவரையும் உட்காரவைத்து, பட்டறைவீட்டு அண்ணாச்சி எழுதியதை முழுசாக வாசித்துக் காட்டினேன். குண்டு வைக்கிற இடம் வந்ததும் பெரியம்மா பாம்படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எனக்கு இதுவரை தெரியாத ஒன்றையும் சொன்னார்கள். பெரியம்மாவுக்கும் காது வளர்த்திருக்கிறார்கள். குத்தி, பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் போட்டு, பிறகு காதைக் கீழே இழுக்கும் குணுக்கும் மாட்டியாயிற்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு மற்ற பிள்ளைகள் யாருக்கும் அப்படிக் காது இல்லை என்று இவர்கள் அழுது அடம்பிடித்து, தைத்துவிட்டார்களாம். "இது எனக்குன்னு அம்மை வச்சிருந்தது. நான் போட முடியாமப் போச்சு" என்றார்கள். காதுமடலின் கீழே தடவிக் காட்டினார்கள். தையல் தழும்பு இன்னும் நெருடுகிறது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரி விட்டிருக்கிறேன், கவனித்ததில்லை.

பாம்படம் பெரியம்மாவுக்கு, அட்டிகை அம்மாவுக்கு. இருவரும் சேர்ந்து சித்திக்குப் பணம் கொடுக்கிறார்கள். தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. பெரியம்மா பாதியை இப்போதும் மீதியை நெல் அறுத்த பிறகும் தருவார்கள்.

பட்டறைவீட்டு அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. அட்டிகையின் நடுப்பதக்கத்தில் இரண்டு கல் கறுத்துத் தெரிகிறது, ஒன்று ஆடுகிறது. அந்த மூன்றை மட்டும் பிரித்துக் கட்ட முடியுமா, இல்லை எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வருமா?

பட்டறைவீட்டுப் பிள்ளை எழுதியது:

மூன்றை மட்டும் எடுக்கலாம் தங்கச்சி. பழைய கல் ஒரே அளவில் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் குழி. அதனால் மூன்றையும் உங்கள் கண்முன்னே பிரித்து, அதே குழியில் திரும்ப வைக்க வேண்டும். ஆடுகிற கல்லின் மேல் செலோடேப் ஒட்டாதீர்கள், பஞ்சு வைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அம்மாவையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.