கார்ட்டூனில் கௌரவ வேடம் கட்டிய இசைக்குழுக்கள்: கற்காலம் பெரிதா, ஸ்பிரிங்ஃபீல்டு பெரிதா?

கற்காலன்:
ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் நடக்கும் சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் எந்தெந்தப் பாடகர் வந்தார் என்று பட்டியல் போட்டு உருகுகிறவர்களிடம் ஒரே கேள்வி. வந்தார்கள், சரி. வந்து என்ன செய்தார்கள்? பாதிப் பேர் தலையைக் காட்டி ஒரு நக்கல் வசனம் விட்டுவிட்டுப் போனவர்கள்.

கற்காலத்தில் நடக்கும் ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூனை எடுத்துப் பாருங்கள். 1963 செப்டம்பரில் நான்காவது சீசன் பாடகி ஆன்-மார்கரெட்டோடு தொடங்கியது, கற்கால ஊருக்கேற்ப 'ஆன்-மார்க்ராக்' என்ற பெயரில். நாயகன் பிரெட், நண்பன் பார்னி இருவருக்கும் அவர் யாரென்று தெரியாது; குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரெட்டின் மகள் பெபிள்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு பிப்ரவரி அத்தியாயத்தில்தான். ஆக, பாடகி தொட்டில் பக்கத்தில் நின்று தாலாட்டுப் பாடுகிறார். பாட்டுக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

1965 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் பியூ பிரம்மல்ஸ் குழு, 'பியூ பிரம்மல்ஸ்டோன்ஸ்' ஆக வந்தது. பௌலிங் பந்து காலில் விழுந்து பிரெட் வலியில் குதிக்க, பார்த்தவர்கள் அதைப் புது நடனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆட்டக் களேபரத்துக்கு நடுவில்தான் குழு தன் 'லாஃப், லாஃப்' பாட்டைப் பாடுகிறது. பாட்டும் நகைச்சுவையும் ஒரே மேடையில்.

ஸ்பிரிங்ஃபீல்டுவாசி:
கற்காலன் அண்ணே, நீங்க பாதிக் கதையைத்தான் சொல்றீங்க. அந்த பியூ பிரம்மல்ஸ்டோன்ஸ் அத்தியாயத்தில் மேடையில நின்னு அறிவிக்கிறவர் யாரு? 'ஜிம்மி ஓநீல்ஸ்டோன்'. நிஜத்தில் 'ஷிண்டிக்' பாட்டு நிகழ்ச்சியை நடத்தின ஜிம்மி ஓநீல். ஷிண்டிக் வந்ததும் ஏபிசி டிவியில, ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ் வந்ததும் ஏபிசியில. தன் கடைச் சரக்குக்குத் தானே தட்டி வைக்கிற கதை. அந்தத் தட்டியும் உதவல, 1966 ஜனவரியில ஷிண்டிக் மூடியாச்சு.

1972-ல மர்மம் துப்பறியும் நாய்க் கார்ட்டூன் ஸ்கூபி-டூவின் ஒரு மணிநேரத் தொடருக்குப் பாடகர் ஜோடி சன்னியும் ஷேரும் வந்தாங்களே, அதுவும் இதே கணக்குதான். அவங்க சொந்த நிகழ்ச்சி சிபிஎஸ் டிவியில ஓடிட்டிருந்தது, ஸ்கூபியும் சிபிஎஸ். இதுக்குப் பேர் கலையா?

சிம்ப்சன்ஸ் என்ன செஞ்சதுன்னு பாருங்க. 1995 அக்டோபரில் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வர ஒத்துக்கிட்டது ஒரு நிபந்தனையோட: சிம்ப்சன் வீட்டுப் பொண்ணு லிசா சைவமா மாறினா கடைசி வரைக்கும் சைவமாவே இருக்கணும். இன்னிக்கும் அவ சைவம்தான். ஒரு கௌரவ வேடம் தொடரோட முக்கியப் பாத்திரத்தையே நிரந்தரமா மாத்தினதுக்கு ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ், ஸ்கூபி ரெண்டையும் எடுத்த ஹன்னா-பார்பேராவிலிருந்து ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க.

கற்காலன்:
லிசாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு தனிமனிதரும் அவர் மனைவி லிண்டாவும், குழு இல்லை. பீட்டில்ஸில் உயிரோடிருந்த மூவரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள்: 1991-ல் ரிங்கோ, 1993-ல் ஜார்ஜ், 1995-ல் பால். ரிங்கோவுக்காவது ஒரு வேலை இருந்தது. லிசாவின் அம்மா மார்ஜ் பள்ளி நாளில் அவரை வரைந்து அனுப்பிய படத்துக்குப் பல ஆண்டு கழித்துப் பதில் கடிதம் போடுகிறார். ஜார்ஜ் வந்தது எத்தனை நொடி?

விளம்பரம் என்கிறீர்கள். இருக்கட்டும். கோயில் திருவிழாவில் பந்தல் போட்டவர் பெயர் எழுதியிருப்பதால் நாதஸ்வரம் கெட்டுப்போகுமா?

சொந்தக் குரல் விஷயத்தையும் பேசுவோம். 1991 செப்டம்பரில் மைக்கேல் ஜாக்சன் சிம்ப்சன்ஸில் பேசினார், பாடவில்லை. பாடிய குரல் கிப் லெனன் என்ற வேறொருவருடையது. பேசியவர் பெயராகவும் திரையில் 'ஜான் ஜே ஸ்மித்' என்றுதான் வந்தது. ஒரு பாடகர் வருகிறார், பாட்டு மட்டும் அவருடையதில்லை!

ஸ்பிரிங்ஃபீல்டுவாசி:
சொந்தக் குரலை நீங்களே இழுத்தது நல்லதாப் போச்சு. 1965-லிருந்து ஓடின பீட்டில்ஸ் கார்ட்டூனில் நாலு பேரில் ஒருத்தர்கூட பேசல. ஜானுக்கும் ஜார்ஜுக்கும் பால் ஃப்ரீஸ், பாலுக்கும் ரிங்கோவுக்கும் லான்ஸ் பெர்சிவல். 1971-ல வந்த ஜாக்சன் ஃபைவ் கார்ட்டூனிலும் பேசினது நடிகர்கள்தான், பாட்டு மட்டும் ரெக்கார்டிலிருந்து. அந்தக் காலம்னா எல்லாம் அசல்னு ஒரு மயக்கம்.

கற்காலன்:
அவை அவர்கள் பெயரிலேயே வந்த தொடர்கள். கௌரவ வேடம் இல்லை. கணக்கில் சேராது.

சட்டக_எண்ணி:
இரண்டு பேரும் பார்க்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது: கை. கிட்டார் வாசிக்கும் கை தாளத்தோடு சேர்கிறதா என்பதை வைத்தே ஒரு அத்தியாயத்துக்கு எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

படச்சுருள் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம். பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கான 1440 ஃபிரேமைத் தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் போதும். தொலைக்காட்சிக் கார்ட்டூனில் ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம். ஆக ஆறு ஓவியங்களில் ஒரு கை வீச்சு முடிந்து, அதே ஆறும் திரும்பத் திரும்ப ஓடும். மலிவு, சுத்தம்.

கோளாறு எங்கே வரும்? நிஜக் குழுவின் ரெக்கார்டு அந்த 120-க்கு அடங்காது. பாட்டு 108 என்று வையுங்கள். ஒரு தட்டு 13.33 ஃபிரேம். கையிருப்பில் உள்ள 12 ஃபிரேம் சுழற்சியை அப்படியே ஓட்டினால் தட்டுக்குத் தட்டு 1.33 ஃபிரேம் விலகும். நாலரைத் தட்டில் கை நேர் எதிராக நிற்கும். ஒன்பதாவது தட்டில், அதாவது ஐந்தாவது நொடியில், தானாக மறுபடி சேரும். பழைய கார்ட்டூன்களில் கை சரியாக இருப்பதுபோலும் இல்லாததுபோலும் ஒரு மயக்கம் வருவதற்கு இது ஒரு காரணம். சரிசெய்யும் வழி கடினமில்லை: மூன்று தட்டுக்கு 13, 13, 14 என்று பிரித்தால் கூட்டுத்தொகை 40, கணக்கு நேராகிவிடும். ஆனால் அதைத் தாளில் ஃபிரேம் ஃபிரேமாக எழுதிக் கொடுக்க ஒருவர் உட்கார வேண்டும். வாரம் ஒரு அத்தியாயம் தள்ள வேண்டிய இடத்தில் யார் உட்காருவார்?

பிரெட்டின் கழுத்துப்பட்டையும் இதே சிக்கனத்தின் பிள்ளைதான். தலையும் உடலும் சேருமிடத்தை அது மறைப்பதால், உடலை ஒரே தாளில் நிறுத்திவிட்டு தலையையும் வாயையும் மட்டும் மாற்றலாம். பேசும் காட்சியில் இது தெரியாது. பாடும் காட்சியில் தோள் அசையாமல் தொண்டை மட்டும் பாடுவது பளிச்சென்று தெரியும். இந்த ஒரு விஷயத்தில் கற்காலனுக்கு என் ஓட்டு கிடையாது.

கற்காலன்:
கணக்கு அருமை, எண்ணி சார். ஆனால் அசையாத தோளைப் பார்த்து யாரும் சேனல் மாற்றவில்லை. கை தப்பினாலும் கதை தப்பவில்லையே. ஸ்கூபியில் ஜெரி ரீட் வந்த அத்தியாயத்தைச் சொல்லுங்கள். பாடகர் காணாமல் போகிறார், அவர் பாட்டு மட்டும் அரங்கத்துக்குள் எங்கிருந்தோ திரும்பத் திரும்பக் கேட்கிறது. பாட்டையே மர்மக் கதைக்குள் கட்டியிருக்கிறார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டுவாசி:
ஜெரி ரீட் அத்தியாயம் நல்லதுதான், தர்றேன். அதே தொடரில் பாடகி 'மாமா' காஸ் எலியட்டை என்ன பண்ணினாங்க? அமெரிக்காவின் சிறந்த குரல்களில் ஒண்ணு. அவங்களை மிட்டாய்த் தொழிற்சாலை முதலாளியம்மா ஆக்கி உடம்பை வச்சுக் கேலி. அதைப் பாசமாப் பார்க்க என்னால முடியல.

குழு வேணும்னு கேட்டீங்க. 1991 நவம்பரில் ஏரோஸ்மித், மோ-வின் மதுக்கடையில. ஊரே அங்க குவியுதுன்னு காட்டத்தான் அவங்க, கதைக்குத் தேவை. 1993-ல ராமோன்ஸ், ஊர்ப் பணக்காரக் கிழவர் பர்ன்ஸ் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பாட வந்து கிழவரை வெறுப்பேத்திட்டுப் போவாங்க. நீங்க சொன்ன 'தலையைக் காட்டல்'தான், ஆனா அந்தக் குழுவோட குணமே அதில இருக்கு. 1996-ல ராப் குழு சைப்ரஸ் ஹில் ஒரு கிறக்கத்தில லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வரவழைச்சிட்டாங்களான்னு முழிப்பாங்க. அந்த ஜோக்கை 2024 ஜூலையில ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் சிம்பொனியோட நிஜமாவே நடத்திக் காட்டினாங்க. 28 வருஷம் கழிச்சு!

காந்தநாடா:
சண்டைக்கு நடுவில் ஒரு வேலை விஷயம். நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்துப் பேசுகிறீர்கள்?

கார்ட்டூனில் ரெக்கார்டுப் பாட்டைச் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும்: பாட்டை எழுதிய தரப்பிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்கார நிறுவனத்திடம் ஒன்று. அந்த முகத்தையும் பெயரையும் பயன்படுத்துவது மூன்றாவது. 1960, 70-களின் ஒப்பந்தங்கள் ஒளிபரப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் வாங்கிப் பார்க்கும் வட்டு அப்போது யார் கனவிலும் இல்லை. டிவிடி போடும்போது எல்லாரிடமும் மறுபடி போய் நிற்க வேண்டும். கௌரவ நட்சத்திரங்கள் நிறைந்த அந்த ஸ்கூபி தொடரின் 24 அத்தியாயங்களில் 2005 டிவிடியில் வந்தது 15. 2019-ல் 23, ஆடம்ஸ் குடும்பம் வந்த ஒன்று அதிலும் இல்லை. ஜாக்சன் வந்த சிம்ப்சன்ஸ் அத்தியாயம் வேறு காரணத்துக்காக 2019 மார்ச்சில் சுற்றிலிருந்து எடுக்கப்பட்டது.

அடுத்தது வேகம். இந்தியாவில் இருந்தது 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறை, நொடிக்கு 25 ஃபிரேம். 24-ல் எடுத்த படத்தை 25-ல் ஓட்டினால் பாட்டு நாலு சதவீதம் விரைந்து, சுருதி ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் ஏறும். 22 நிமிட அத்தியாயம் 21 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். பழைய நாடாப் பதிவில் பாடகர் குரல் மெலிந்து கேட்டால் முதலில் நேரத்தை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் மென்பொருளில் படம், ஒலி இரண்டின் வேகத்தையும் 96 சதவீதம் ஆக்குங்கள். சுருதியை மட்டும் இறக்கினால் நீளம் பழையபடியே நிற்கும், வேகம் சரியாகாது. நேரம் குறையாமல், வேகமான அசைவுகளில் மட்டும் இரட்டை நிழல் தெரிந்தால் அது அமெரிக்க முறையிலிருந்து மாற்றிய பிரதி. அதில் வேகத்தைத் தொடாதீர்கள்.

சட்டக_எண்ணி:
முக்கியமான திருத்தம் இது. 25-ல் ஓடும் பிரதியில் கடிகாரம் பார்த்துத் தட்டு எண்ணினால் 108 என்பது 112.5 ஆகக் கிடைக்கும். அதை 1440-க்குக் கீழே போட்டுவிட்டு ஓவியர்களைத் திட்டக் கூடாது.

ஸ்பிரிங்ஃபீல்டுவாசி:
நாடா அண்ணே, உங்க மென்பொருள் திறந்திருக்கும்போதே மெக்கார்ட்னி அத்தியாயத்தின் கடைசி எழுத்துகள் ஓடும் இடத்தைத் தலைகீழா ஓட்டிக் கேளுங்க. பாட்டுக்குள்ள பருப்பு சூப் செய்முறையைத் திருப்பிப் போட்டு ஒளிச்சு வச்சிருக்காங்க. கற்காலத்தில் இந்த மாதிரி மெனக்கெட்ட ஒரு கௌரவ வேடம் உண்டா?

கற்காலன்:
எங்கள் கடைசி எழுத்துகளிலும் சாப்பாடு உண்டு. பிரண்டோசாரஸ் விலா எலும்பு. வண்டியே குடைசாயும் அளவுக்கு. தலைகீழாக ஓட்டாமலே தெரியும்.