ஒரு கிலோவுக்குள் லேப்டாப்: அலைகிறவர்களுக்கு எடைதான் முக்கியமா?

ஜன்னலோரம்:
மாதத்தில் பாதி நாள் பயணத்தில்தான் இருக்கிறேன். ஆறு மாதமாக 980 கிராம் எடையுள்ள 14 அங்குல லேப்டாப் வைத்திருக்கிறேன். மெக்னீசியம் கலவை உடல், 16 ஜிபி ராம், பேட்டரி கொள்ளளவு 53 வாட்-மணி. பழையது 1.7 கிலோ. அதைச் சுமந்து வந்த தோள்வலி இப்போது இல்லை. அலைகிறவர்களுக்கு முதலில் எடை, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

நடுஇருக்கை:
வந்துவிட்டேன். நீங்கள் மெஷினை மட்டும் தராசில் வைத்திருக்கிறீர்கள், பையை வைக்கவில்லை. 53 வாட்-மணி என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மெயிலும் எக்செலுமாக 6 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரம் கிட்டத்தட்ட வரும். வீடியோ மீட்டிங்கில் 15 வாட் இழுத்தால் மூன்றரை மணி நேரத்தில் படுத்துவிடும். அதனால்தான் உங்கள் பையில் பவர் பேங்க் இருக்கும். இருக்கிறதா, இல்லையா?

ஜன்னலோரம்:
இருக்கிறது. 20,000 எம்ஏஎச். அதனால் என்ன? போனுக்கும் அதுதான். வேண்டாத நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

நடுஇருக்கை:
வாட்-மணியில் சொன்னால் அது 74, எடை முந்நூற்றைம்பது கிராமுக்குக் குறையாது. மின்சாரத்தை மாற்றும்போது வேறு கொஞ்சம் வீணாகும். லேப்டாப்புக்குள்ளேயே 25 வாட்-மணி கூட்டியிருந்தால் எடை நூறு, நூற்றைம்பது கிராம்தான் ஏறியிருக்கும். விளம்பரத்தில் “ஒரு கிலோவுக்குக் கீழ்” என்று போட வேண்டுமே, அதற்காகப் பேட்டரியில் கை வைக்கிறார்கள். எல்ஜி கிராம் 16 அங்குல மாடலைப் பாருங்கள். சுமார் 1.2 கிலோ, பேட்டரி 80 வாட்-மணிக்குப் பக்கம். விமானத்தில் கேபினுக்குள் அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-மணி வரை இடம் இருக்கிறது. அதில் பாதியோடு ஏன் திருப்திப்பட வேண்டும்?

ஜன்னலோரம்:
16 அங்குலத்தை எகானமி இருக்கையில் விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் இருப்பவர் சாய்ந்தார் என்றால் திரையின் மேல் விளிம்பு அவர் இருக்கைக்கும் தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கையை மடக்கி, முழங்கையை விலாவில் ஒட்டிவைத்துத்தான் டைப் அடிக்க வேண்டும். உங்கள் பெயரே நடுஇருக்கை, உங்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்!

தட்டச்சுக்காரி:
இரண்டு பேரும் பேட்டரியிலேயே நிற்கிறீர்கள். நாள் முழுக்க அறிக்கை எழுதுகிறவள் நான். மெக்னீசியத்தின் அடர்த்தி அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அதையும் மெல்லியதாக இழைத்துவிடுகிறார்கள். நான் வைத்திருந்த ஒன்றில் ‘ஜி’ விசையை அழுத்தினால் விசைப்பலகையின் நடுப்பகுதியே கட்டில் கயிறு மாதிரி அமுங்கும். ரயிலில் திரை ஆடிக்கொண்டே இருக்கும். “ராணுவத் தரச் சோதனையில் தேறியது” என்ற வரியைக் கண்டு மயங்க வேண்டாம். எந்தெந்தச் சோதனை என்பதைத் தயாரிப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஜன்னலோரம்:
சரி, விசைப்பலகை அமுங்குவது உண்மை. என்னுடையதிலும் கொஞ்சம் உண்டு.

கோழித்தூக்கம்:
யாரும் தொடாத ஒன்று. போன மாதம் மூடியை மூடிப் பைக்குள் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது, பேட்டரி 9 சதவீதம். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது என் பெயரில் இருக்கும் தூக்கம்தான். வலை இணைப்பைக்கூட விடாமல் அவ்வப்போது கண் விழிக்கும். சின்ன பேட்டரியில் இது நடந்தால் போர்டிங் வரிசையிலேயே கதை முடிந்தது. மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, செட்டிங்கை மாற்றுங்கள். எழுந்துவர சில நொடி கூடுதலாகும், பரவாயில்லை.

நடுஇருக்கை:
இது நல்ல யோசனை. இன்னொன்றும் சொல்கிறேன்: இந்த எடையில் வருகிற பெரும்பாலானவற்றில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிற்பாடு கூட்ட முடியாது. 16 ஜிபியோடு நான்கைந்து வருஷம் ஓட்டுவதாக இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னலோரம்:
நேற்று சமையலறைத் தராசை எடுத்தேன், நடுஇருக்கை சாருக்காக. லேப்டாப் 980, அதோடு வந்த சார்ஜர் வயரோடு 310, பவர் பேங்க் 390, புரொஜெக்டர், டிவியோடு இணைக்கிற எச்டிஎம்ஐ ஹப் 95. மொத்தம் 1,775 கிராம். பழையதில் மெஷினும் அந்தச் செங்கல் சார்ஜரும் மட்டும் 2,240. ஆக 720 கிராம் குறைந்ததாக நினைத்திருந்தேன், உண்மையில் குறைந்தது 465.

நடுஇருக்கை:
பார்த்தீர்களா!

ஜன்னலோரம்:
பார்த்தேன். இருந்தாலும் அரைக் கிலோவுக்குப் பக்கம் மிச்சம்தானே? கட்சி மாற மாட்டேன்.

நடுஇருக்கை:
மாற வேண்டாம், சார்ஜரை மாற்றுங்கள். சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு சிப் உள்ள வகையில் 65 வாட் சார்ஜர் நூற்றுச் சொச்சம் கிராமில் கிடைக்கும். டைப்-சி என்பதால் போனுக்கும் அதுவே போதும். மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.

தட்டச்சுக்காரி:
விசைப்பலகைக்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போங்களேன், இரண்டு பேரில் யாராவது.