ரவை 6, பாதாம் 4

வாட்ஸ்அப் குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

[மாலை 6:40] நான்: பாட்டியின் செபப் புத்தகத்தில் கிடைத்த சீட்டை வைத்து இன்று சூஜி கேக் (ரவை கேக்) செய்தேன். நடுவில் குழிந்துவிட்டது, தட்டில் வெண்ணெய் வடிகிறது. சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: "ரவை 6, பாதாம் 4, வெண்ணெய் 1 டின், முட்டை 10." அவுன்ஸ் கணக்காக இருக்கும் என்று ரவை 170 கிராம் போட்டேன். வெண்ணெய், அம்மா சொன்னபடி அரை டின்.

[6:43] அம்மா: ரவையை வெண்ணெயில் ஊறவைத்தாயா? உன் பாட்டி முதல் நாள் இரவே குழைத்து மூடி வைத்துவிடுவார். ஊறாத ரவை பல்லில் மணலாக நெருடும்.

[6:44] நான்: எட்டு மணி நேரம் ஊறியது அம்மா. நெருடவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்குதான் தாங்கவில்லை.

[6:52] அத்தை: பாதாம் பொடி கடையில் வாங்கியதா? எங்கள் அம்மா வெந்நீரில் போட்டு, தோலைப் பிதுக்கி எடுத்து, உலர்த்தி இடிப்பார். சிங்கப்பூர் காத்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு யுரேஷிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்ச) அம்மாளிடம் கற்றது அது. அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றாலும் கல்யாணம் என்றாலும் சூஜி கேக்தான். முட்டையில் மஞ்சள் கரு பத்தும் போகும், வெள்ளைக் கரு நான்கு மட்டும். மீதி ஆறையும் அன்றிரவே எங்களுக்குப் பொரித்துத் தருவார்.

[6:53] நான்: முட்டை அப்படித்தான் சேர்த்தேன் அத்தை.

[7:15] பெரியப்பா: எங்கள் அம்மாவின் கையெழுத்தா? சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

[7:16] நான்: 📷

[7:21] பெரியப்பா: இது சமையல் குறிப்பு இல்லை கண்ணு. என் கையில் கொடுத்தனுப்பிய கடைச் சீட்டு. அவுன்ஸும் இல்லை, தாகில், அந்தக் காலத்து எடை. ஒவ்வொரு டிசம்பரும் "ரவை ஆறு தாகில், பாதாம் நாலு தாகில்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மளிகைக் கடைக்கு ஓடுவேன். கடை முதலாளி தவுக்கே கோல்தராசில் நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். 16 தாகில் சேர்ந்தால் ஒரு கட்டி, அதுவும் எடைதான். கிராமும் கிலோவும் 1970களில்தான் கடைக்கு வந்தன. அறுபது வருடமாக இந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறாரே அம்மா.

[7:30] தம்பி: அக்கா, கணக்குப் போட்டேன். ஒரு தாகில் 37.8 கிராம். ஆறு தாகில் 227 கிராம். பழைய ஒரு பவுண்டு டின்னில் வெண்ணெய் 454 கிராம், அதில் பாதியும் 227! ரவையும் வெண்ணெயும் சம எடை. நீ கால் பங்கு ரவையைக் குறைத்துவிட்டாய். வெண்ணெயை உறிஞ்ச ஆள் இல்லை. பாதாமும் 151 கிராம் வேண்டும்.

[7:31] நான்: 113தான் போட்டேன்.

[7:33] அம்மா: அத்தான், இத்தனை வருடம் இதை ஏன் சொல்லவில்லை?

[7:35] பெரியப்பா: யாரும் கேட்கவில்லையே அம்மா. கேக்குக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது. கடையில் வாங்கியது மட்டும்தான் தெரியும்.

[7:41] நான்: அப்படியானால் வீட்டிலேயே இருந்த பொருள் எதுவும் சீட்டில் வந்திருக்காது. சீனி எவ்வளவு அத்தை? நான் கண்ணளவாகப் போட்டேன்.

[7:48] அத்தை: பச்சைப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தலைதட்டி ஒன்று. மாவு அதே கோப்பையில் கால். பிராந்தி இரண்டு மேசைக்கரண்டி. அப்பாவின் இருமலுக்கு வாங்கிய புட்டியிலிருந்து எடுப்பார். வெண்ணிலா வாசனைக்கு முன்னால் அந்த பிராந்தி வாசனைதான் வாசல்வரை வரும்.

[7:49] அம்மா: அந்தக் கோப்பை வீடு மாறும்போது உடைந்ததாக அல்லவா நினைத்தேன் அண்ணி?

[7:50] அத்தை: காதுதான் உடைந்தது. கோப்பை என்னிடம் இருக்கிறது. துணியில் சுற்றி நாளை காலைப் பூசை முடிந்ததும் நேரே கொண்டு வருகிறேன். பத்து மணிக்கு வீட்டில் இருப்பாயா?

[7:52] நான்: இருப்பேன் அத்தை. நீங்களும் வாருங்கள் பெரியப்பா. ரவையை இப்போதே ஊறவைக்கிறேன். 227 கிராம்.

[7:58] பெரியப்பா: ஆறு தாகில் என்று சொல் கண்ணு.