ஃபியட் 1100டி-யில் சென்னையிலிருந்து குன்னூர்: எதை மாற்றுவது, எதை விடுவது?

ஃபியட்69:
வரும் மே மாதம் குடும்பத்தோடு குன்னூர் போகிறோம். வண்டி 1969 மாடல் 1100டி. 1089 சிசி எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. மெக்கானிக், ஸ்பார்க் பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனும், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பும் போடச் சொல்கிறார். போடலாமா?

ஸ்டியரிங்கியர்:
போடாதீங்க தம்பி. பாயின்ட் தேய்ந்தால் உளுந்தூர்ப்பேட்டையிலோ ஆத்தூரிலோ ஒரு பழைய மெக்கானிக் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி வைத்து அனுப்பிவிடுவார். எலக்ட்ரானிக் இக்னிஷனின் மாட்யூல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். பாயின்ட், கண்டென்சர், ரோட்டார், ஃபேன் பெல்ட் வகைக்கொன்று கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்க.

கார்புரேட்டர்பிரியன்:
அண்ணே, அந்த மெக்கானிக்கை இப்போது பைபாஸில் எங்கே தேடுவது? கடையில் இருப்பவர்கள் ஸ்கேனர் மாட்டிப் பழகிய பையன்கள். இன்று கிடைக்கும் கண்டென்சர் பலதும் சூடானால் படுத்துவிடுகிறது. மாட்யூல் போடட்டும், கழற்றிய பாயின்ட் டிக்கியில் இருக்கட்டும். பம்பும் அவசியம். பழைய பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால், மே வெயிலில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாலே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போவது தடைபட்டு வேப்பர் லாக் ஆகிவிடும்.

ஸ்டியரிங்கியர்:
அதற்குப் பம்ப் மேல் ஈரத்துணி போதும். எலக்ட்ரிக் பம்ப் அழுத்தம் கூடினால் கார்புரேட்டர் வழிந்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும். மோதல் நடந்து எஞ்சின் நின்றாலும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் இருக்கிற வண்டி.

கார்புரேட்டர்பிரியன்:
குறைந்த அழுத்தப் பம்ப் வாங்கி, ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக வயர் இழுத்தால் எஞ்சின் நின்றதும் பம்பும் நின்றுவிடும்.

மலைரோடு:
முதல் செலவு பிரேக்குக்குத்தான் சார். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சுமார். இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடிப்பு போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ஆயில் சீக்கிரம் கொதித்துப் பெடல் தரையைத் தொட்டுவிடும். வீல் சிலிண்டர் கிட், பிரேக் ஹோஸ், ஆயில் மூன்றையும் புதிதாக்குங்க. இரண்டாவது கியரிலேயே இறங்குங்க, தேவைப்பட்டால் முதலாவது.

அப்புறம் பெட்ரோல் ஹோஸ். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது, உப்பி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்க. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் (ரோட்டில் படும் மேடுகள்) நன்றாக இருக்கிறது என்று பத்து வருட டயரை நம்பாதீங்க. நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கணும். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்க.

ஸ்டியரிங்கியர்:
பிரேக், ஹோஸ் விஷயத்தில் மலைரோடு சொல்வது அத்தனையும் சரி. மாட்யூல் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. எதைப் போட்டாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் போடாதீங்க. மாமல்லபுரம் வரை இரண்டு மூன்று முறை வெயிலில் ஓட்டிப் பாருங்க.

ஃபியட்69:
பிரேக் வேலையை இந்த வாரமே கொடுக்கிறேன். பாயின்ட் அப்படியே இருக்கட்டும். ஆயில் சுவிட்ச் வைத்து வயர் இழுக்க மெக்கானிக்குத் தெரிந்தால் மட்டும் பம்ப். ரேடியேட்டரை வெறுமனே சுத்தம் செய்தால் போதுமா?

கார்புரேட்டர்பிரியன்:
போதாது. தொட்டியைப் பிரித்து உள்ளே கம்பி விட்டு அடைப்பெடுக்கச் சொல்லுங்க. எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க.