ஒரே கூட்டத்துச் செல்கள், இரண்டு அடுக்குகள்: முடிவெடுப்பது வம்சமா, சூழலா?

கேள்வி (புறணிப்பித்தன்):
நரம்பியலாளர் மக்கானல் 1988இல் ஃபெரெட்டில் (கீரி போன்ற சிறு விலங்கு) செய்த ஆய்வில் ஓரிடம் பிடிபடவில்லை. கருவின் மூளையறை ஓரத்தில் நியூரான்களை உண்டாக்கும் முன்னோடிச் செல்களை, மேலடுக்குகள் உருவாகிக்கொண்டிருக்கும் பிறந்த குட்டியின் மூளைக்கு மாற்றுகிறார்கள். சொந்த இடத்தில் விட்டிருந்தால் மூளைப் புறணியின் 6ஆம் (அடிமட்ட) அடுக்குக்குப் போயிருக்கும். மாற்றியபின் சில மேலே உள்ள 2/3 அடுக்குகளுக்கும் சில 6க்கும் போகின்றன. செல்லின் வம்சம்தான் முடிவெடுக்கிறது என்றால் எல்லாம் 6க்கல்லவா போக வேண்டும்? சுண்டெலியில் செய்து பார்க்க என்னென்ன கவனிக்கணும்?

பதில் (ஆழ்_அடுக்கு):
கூட்டம் ஒன்றுதான், செல் சுழற்சியில் நிற்கும் இடம் வேறு. 1991இல் காஸ்னவ்ஸ்கியோடு சேர்ந்து மக்கானலே இதைப் பிரித்துப் பார்த்தார். டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏறிய தைமிடின் என்ற டிஎன்ஏ கூறை, எஸ் கட்டத்தில் டிஎன்ஏவை இரட்டிக்கும் செல்கள் மட்டுமே ஏற்கும். குறியிட்டவுடன் மாற்றினால் 2/3க்குப் போயின. 4 மணி நேரம் பழைய மூளையிலேயே விட்டு எடுத்தவை 6ஐ விட்டு நகரவில்லை. ஆக, செல் பிரிவதற்குச் சற்று முன்பே தலையெழுத்து உறுதியாகிவிடுகிறது.

பதில் (சாயப்பட்டறை):
சுண்டெலியில் 12ஆம் நாள் செல்களை 15ஆம் நாள் கருவுக்கு மாற்றிப் பாருங்கள். தைமிடினைப் போலவே டிஎன்ஏவில் ஏறும் குறிப்பொருளான பிஆர்டியுவை, செல் தரும் கருவின் தாய் எலிக்குக் கிலோவுக்கு 50 மி.கி. கொடுங்கள். அடர்ந்த குறியுள்ளவற்றை மட்டும் எண்ணவும். ஒவ்வொரு பிரிவிலும் குறி பாதியாகும். வெளிறிய செல் புது மூளையில் மேலும் பிரிந்திருக்கும், அது மேலடுக்கில் இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிஆர்டியுவைக் காட்டச் சாயமேற்றும்போது, எதிர்ப்பொருள் அதை எட்ட டிஎன்ஏவைத் திறக்க 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 37 டிகிரி, 30 நிமிடம். பின் போரேட் பஃபர். மாற்றிய செல்களில் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) இருந்தால் அமிலம் அதன் ஒளியைக் கெடுக்கும், எதிர்ப்பொருளால் மீட்கலாம். பிஆர்டியுவுக்குப் பதில் ஈடியு என்ற குறிப்பொருள் என்றால் அமிலம் வேண்டாம், ஆனால் அதைக் காட்டும் வினையில் சேரும் செம்பும் ஜிஎஃப்பியை மங்கவைக்கும்.

பெரிய பொறி வேறொன்று. மாற்றிய செல்கள் செத்தால் அவற்றின் பிஆர்டியுவைப் புது மூளையின் சொந்தச் செல்களே உள்ளிழுக்கும்! உறையவைத்துக் கொன்ற செல்களை ஒரு குட்டிக்காவது செலுத்திப் பாருங்கள்; அங்கும் குறி தெரிந்தால் அது கசிந்த குறி. இடத்தை மட்டும் நம்பாமல் அடுக்கைக் காட்டும் புரதங்களான டிபிஆர்1 (6ஆம் அடுக்கு), சியூஎக்ஸ்1 (2 முதல் 4 வரை) ஆகியவற்றுக்கும் சாயம் போடுங்கள்.

பதில் (ஆழ்_அடுக்கு):
ஒரு திருத்தம் சேர்க்கணும். முதிர்ந்த முன்னோடிகளை இளம் மூளையில் வைத்தால் கீழடுக்கு நியூரான்களை உண்டாக்கும் நிலைக்குத் திரும்பாது என்று 1996இல் ஃபிரான்ட்ஸும் மக்கானலும் காட்டினார்கள். பலர் இன்னும் அதையே பாடமாகச் சொல்கிறார்கள். 2019இல் சுண்டெலியில், அறைச்சுவரைத் தொட்டு நிற்கும் முன்னோடிகளை மட்டும் குறியிட்டு மாற்றியபோது அவை மறுபடியும் கீழடுக்கு நியூரான்களை உண்டாக்கின. அவற்றிலிருந்து பிறந்து சுவரை விட்டு விலகிய இடைநிலை முன்னோடிகளால் அது முடியவில்லை. எனவே எந்த வகையை எடுக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.