ஹெரால்டா, கான்டெசாவா? ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது

பொன்மலைக்காரன்:
சித்தப்பா வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். ஷெட்டில் இரண்டு கார் நிற்கிறது. ஒன்று 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு. இன்னொன்று 1990 கான்டெசா கிளாசிக், 1.8 பெட்ரோல். "எது வேண்டுமோ நீ எடுத்துக்கொள், மற்றதை விற்றுவிடுகிறேன்" என்கிறார். ஹெரால்டில் பள்ளிக்கூடம் போனவன் நான், கான்டெசாவில்தான் என் கல்யாண ஊர்வலம், அதனால் மனசைக் கேட்டால் பதில் வராது. தெரு குறுகல். ஞாயிறு காலையில் ஒரு சுற்று, அப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எப்போதாவது தஞ்சாவூர், அவ்வளவுதான் ஓட்டம். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேட்டு ஹெரால்ட்:
தம்பி, உங்கள் ஓட்டத்துக்கு ஹெரால்டே போதும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் (எஞ்சின் வால்வு இடைவெளி) செட் பண்ணலாம், நான் பதினெட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். 25 அடி இடம் இருந்தால் முழு வட்டம் அடித்துவிடும். எஞ்சின் 948 சிசிதான், வேகமாக ஓட்டித் துரத்தாதீர்கள்.

ஆனால் முன் சக்கரத்தில் ட்ரன்னியன் என்று ஒன்று உண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு திரும்பும் மரை போட்ட கீழ் மூட்டு, அதற்குத் தயவுசெய்து கிரீஸ் அடிக்க விடாதீர்கள், இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே இறுகிவிட்டால் மரைக்கு எண்ணெய் போகாமல் தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். எனக்கு மடங்கியது, நல்லவேளை வீட்டு வாசலில். பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது ஒவ்வொரு பின் சக்கரமும் தன் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும், வேகமாக வளைவுக்குள் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி இழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும்.

தாம்பரத்தான்:
இரண்டு கதவு வண்டியில் அம்மா பின் சீட்டுக்கு எப்படி ஏறுவார்கள்? அதை யோசித்தீர்களா? ஹெரால்ட் பதின்மூன்று அடிகூட வராது, கான்டெசா 15 அடி, பின்னால் காலை நீட்டி உட்காரலாம். ஆரம்பத்தில் வந்த 1.5 லிட்டர் கான்டெசாவில் அம்பாசிடர் எஞ்சின், அந்தக் கனத்தை இழுக்கத் திணறும். உங்களுடையது ஜப்பான் கம்பெனி இசுசூவின் 1.8 எஞ்சின், ஐந்து கியர், தஞ்சாவூர் ரோட்டில் எண்பதில் போனால் உள்ளே சாதாரணமாகப் பேசிக்கொண்டு வரலாம். நான் எட்டு வருடமாக வைத்திருக்கிறேன், இன்னொரு காருக்கு மாற மனசே வராது.

ஒரே பயம் துரு. ஹெரால்டில் சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெல்டு பண்ணலாம். கான்டெசாவில் பாடியேதான் சேசிஸ். கார்ப்பெட்டைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடத்தையும் கதவுக்கு அடியையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பொன்மலைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை போய்க் குத்திப் பார்த்தேன். கான்டெசாவின் இடது பக்கம் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, ஆனால் ஜாக்கி முனையில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, டிரைவர் காலடியில் தரை தெரிகிறது. ஹெரால்டின் சேசிஸ் கெட்டியாகத்தான் இருக்கிறது, ட்ரன்னியனில் மட்டும் பீளமேட்டு அண்ணன் சொன்ன மாதிரியே கிரீஸ். அம்மாவிடம் கேட்டேன், "நான் எப்போதடா பின்னால் உட்கார்ந்தேன்" என்றார். அடுத்த வாரம் ஹெரால்டைக் கட்டி இழுத்து வருகிறேன், ட்ரன்னியனைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டுவதாக இல்லை. அண்ணா, இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டி வந்தால் கோவையில் யாரிடம் கேட்கலாம்?