கலைச்சொல்: பெயரடைகள் முன்பின்னாக நிற்கும் முறைக்கு என்ன சொல்?

வணக்கம்.

ஆங்கிலத்தின் 'அட்ஜெக்டிவ் ஆர்டர்' என்பதைப் 'பெயரடை வரிசை' என்று எழுதிவருகிறோம். படிப்பவருக்கு அது பெயரடைகளின் பட்டியல் போலத் தொனிக்கிறது. சொல்லவேண்டியதோ எது முன், எது பின் என்பது: கருத்து, அளவு, வடிவம், வயது, நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன், பிறகு பெயர்ச்சொல். (வடிவமும் வயதும் நூலுக்கு நூல் இடம் மாறும்.) 'எ லவ்லி லிட்டில் ஓல்ட் பிரவுன் லெதர் பேக்' சரி. 'எ லெதர் பிரவுன் ஓல்ட் பேக்' என்றால் விளங்கும், ஆனால் காது ஏற்காது. 'எ', 'மை', 'த்ரீ' போன்றவை எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும்.

'அடைமுறை' என்று வைக்கலாமா?

———

> 'அடைமுறை' என்று வைக்கலாமா?

வைக்கலாம். 'முறை' நம் இலக்கணத்திலேயே இந்த வேலையைத்தான் செய்கிறது. வண்ணச்சினைச்சொல்லைப் பற்றித் தொல்காப்பியம் 'அடைசினை முதலென முறைமூன்றும் மயங்காமை' என்கிறது. 'செங்கால் நாரை'யில் செம்மை அடை, கால் சினை (உறுப்பு), நாரை முதல் (முழுப்பொருள்). இந்த மூன்றும் இடம் மாறக்கூடாது.

நன்னூல் இன்னும் கிட்டே வருகிறது: ஈரடை முதலோடு வருவது வழக்கு, சினையோடு வருவது செய்யுளுக்கே. உரைகாரர் காட்டும் 'இளம்பெருங் கூத்தன்' முதலோடு வந்த ஈரடை. ஆனால் இளமை முன்னா, பெருமை முன்னா என்று சூத்திரம் பேசவில்லை. ஆகவே சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கில விதியை நன்னூலார் தலையில் கட்டவேண்டாம்.

———

ஒரு தடை. தனியாகப் பார்த்தால் 'அடைமுறை' என்பது 'அடையும் வழி' என்றும் படும். முதல் இடத்தில் 'பெயரடை முறை' என்று முழுதாக எழுதி, அப்புறம் சுருக்கலாம். 'அடையடுக்கு' வேண்டாம், 'பாம்பு பாம்பு' என்னும் அடுக்குத்தொடர் நினைவுக்கு வந்து குழப்பும்.

இதோடு இன்னும் இரண்டு சொல் தேவை. காற்புள்ளியில் தவறு நேர்வது அவை இல்லாததால்தான். 'எ கோல்ட், வெட் டே' என்பதில் இரு அடையும் சமம். இடம் மாற்றலாம், நடுவே 'அண்ட்' போடலாம். எனவே காற்புள்ளி உண்டு. 'எ பிக் ரெட் பால்' அப்படியல்ல. 'ரெட் பிக் பால்' என்று மாற்ற முடியாது, காற்புள்ளியும் வராது. தமிழில் உம்மை போட்டாலே தெரிந்துவிடும்: 'குளிரும் ஈரமுமான நாள்' இயல்பாக வருகிறது, 'பெரிதும் சிவப்புமான பந்து' இடறுகிறது. முதல் வகைக்கு 'இணையடை', இரண்டாவதற்குப் 'படியடை' என்பது என் முன்மொழிவு. 'பிளாக் அண்ட் ஒயிட் ஃபிளாக்' போல இரண்டு நிறம் வந்தால் நடுவே 'அண்ட்' கட்டாயம்.

———

'இணையடை' நன்று. 'படியடை'யும் போகட்டும், 'படி' என்றால் நகல் என்றும் அளவை என்றும் வம்புக்கு வருவார்கள், பரவாயில்லை.

விளக்கக் குறிப்பில் ஒன்று விடுபடக்கூடாது. பட்டியலை மனப்பாடம் செய்தவர் 'ஃபிரெஞ்ச் ரெட் ஒயின்' என்பதைத் தவறென்று திருத்துவார், நிறம் பிறப்பிடத்துக்கு முன்னால்தானே வரவேண்டும் என்று. இங்கே 'ரெட்' வெறும் நிறமல்ல, ஒயினின் வகை. வகையைச் சொல்லும் அடை பெயரோடு ஒட்டி நிற்கும். 'ஸ்லீப்பிங் பேக்' அப்படித்தான்: 'ரெட் ஸ்லீப்பிங் பேக்' என்றுதான் வரும், நடுவே நிறத்தை நுழைக்க முடியாது. நம் 'செங்கல்' போல. பழைய செங்கல் உண்டு. செம் பழைய கல் என்றால் அது வேறு பொருள். இவற்றுக்கு 'வகையடை' என்று பெயரிட்டால் விதிவிலக்குப் பட்டியல் பாதி கரைந்துவிடும்.

'பிக் பேட் உல்ஃப்' மட்டும் கரையாது. கருத்து முன்னால் வரவேண்டிய இடத்தில் அளவு முந்துகிறது. 'டிக் டாக்', 'ஜிக் ஜாக்' போல இகர ஒலி முன்னே வரும் ஓசைப் பழக்கம் அங்கே முறையை வெல்கிறது என்பது பலர் சொல்லும் விளக்கம்.

பதிவுக்கு: பெயரடை முறை (சுருக்கம்: அடைமுறை), இணையடை, படியடை, வகையடை. 'படியடை'க்கு மேலான சொல் இருப்பவர் எழுதுங்கள்.